அரைக்காமல் கொண்டுவந்த மிளகாய்

அன்புக் கண்ணு லோகப்பிரியாவுக்கு அம்மா எழுதறது. நீயும் மாப்பிள்ளையும் ரித்திகாக் குட்டியும் நோய்நொடியில்லாம இருக்க அவிநாசியப்பன் பாத்துக்கட்டும். நாங்களும் சொகம், எழுதற வழக்கத்துக்கு எழுதறேன், மீதியப் படிச்சாத் தெரியும். போன்ல சொல்லலாம்னா உங்கப்பா பக்கத்துலயே காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கறாரு.

சித்திரையில ஒருத்தன் வந்து, ஏனுங்க, வண்டல் இருக்குதுங்க, இனாமா அடிச்சுத் தாரேன்னான். வண்டல்னா நமக்குக் குளத்து வண்டல்தானே, கோடைக்குக் கோடை அடிக்கறதுதானேன்னு உங்கப்பா கிழக்கால தோட்டத்துல பதினஞ்சு டிப்பர் கொட்டிக்கிட்டாரு. எந்தக் குளம்னு ஒரு வார்த்தை கேட்டாரா? இனாம்னா மனுசனுக்குக் கண்ணே தெரியாது. மழை பேஞ்சதுக்கப்பறம் தென்னங்குருத்துக் காஞ்சுது, கெணத்துத் தண்ணி மேல எண்ணெய் மினுங்குது, மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. ஆபீசருங்க வந்து மண்ணும் தண்ணியும் எடுத்துட்டுப் போயிருக்கறாங்க. வெளிநாட்டு ஆலைக் கழிவு ஊறின மண்ணாம், அங்க வெச்சுக்க முடியாமக் கப்பல்ல அனுப்புனதாம், முறையா அழிக்கறேன்னு எடுத்தவன் நம்ம தலையில கொட்டிப்போட்டான். வண்டல்னுதானுங்க சொன்னான்னு போறவங்க வாரவங்ககிட்டயெல்லாம் சொல்லிச் சொல்லி மாயறாரு உங்கப்பா.

எனக்கு வயிறு எரிஞ்சுது. வெள்ளிக்கிழமை சந்தைக்குன்னு பொய் சொல்லிப்போட்டு வரமொளகாயோட ஆனைமலைக்குப் பஸ் ஏறிட்டேன். மாசாணியாத்தா கோயில்ல மொளகா அரைச்சு அங்க இருக்கற கல்லுல பூசினாக் கெடுத்தவன் வெளங்கமாட்டான்னு உனக்குத் தெரியுமே. கொட்டினவனுக்கும் அனுப்புன ஊருக்கும் சேத்தே அரைக்கோணும்னு உக்காந்தேன். கொழவியப் புடிச்சப்பத்தான் அவன் கொட்டுன மண்ணுக்குள்ள கெடந்த கிழிஞ்ச சாக்கு ஞாபகம் வந்துச்சு. அதுல இங்கிலீசு எழுத்துல ஒரு ஊர்ப் பேரு, நடு எழுத்து மேல ரெண்டு பொட்டு. எட்டு வருசமா உன் கவர் மேல பாத்துப் பாத்து எழுதற பேரு, எனக்குத் தெரியாதா? என் புள்ளை இருக்கற ஊருக்கு நானே எப்படிச் சாபம் விடுவேன்? பின்னால நின்னவங்க சீக்கிரம் அரைங்கக்கான்னாங்க. எந்திரிச்சு வந்துட்டேன். அந்த மொளகாயிலதான் நேத்துக் கொழம்பு வெச்சேன்.

நீ தைநோம்பிக்கு வாரேன்னதுல இருந்து குட்டி ஊஞ்சலாடத் தூரி கட்டக் கவுறு வாங்கி வெச்சிருக்கறேன். ஆனா இப்ப வேண்டாம் அம்மணி. சோதனை முடிவு வரட்டும், கெணறு தேறட்டும். பச்சைப் புள்ளைய அந்த மண்ணுல எப்படி விடறது? மூணு வருசமா வா வான்னு கூப்பிட்ட வாயால வராதேங்கறேன், எழுதறதுக்குள்ள ரெண்டு தடவை அழுதுட்டேன். உங்கூரு மண்ணு வந்து சேந்துருச்சு, நீதான் வரமுடியாமப் போச்சு. அப்பா கேட்டா லீவு கெடைக்கலைன்னு சொல்லிரு, தன்னாலதான்னு தெரிஞ்சாத் தாங்கமாட்டாரு.

நல்லா இரு கண்ணு, மூணு பேரும் தீர்க்காயுசா இருங்க. ஒண்ணு மறந்துராத, அந்த மண்ண அங்க எந்தப் பக்கம் தோண்டுனாங்கன்னு விசாரி. அது தெரியற வரைக்கும் குட்டிய அங்கயும் மண்ணுல வெளையாட விடாத.

இப்படிக்கு,
இங்கிலீசுல உங்கூர்ப் பேரை மட்டும் எழுதத் தெரிஞ்ச உன் அம்மா
நாச்சியம்மாள்