செவலை இரண்டு வீட்டு மாடாக நின்ற நாள்

அக்கா,

இன்றைக்குச் சந்தையில் என் கடைக்கு எதிரே ஒருவர் புண்ணாக்கு மூட்டையைப் பிரித்தார். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சந்தகை வாங்க நின்ற அம்மா, "ஏனுங்க, எங்களப் பாத்தா சிரிப்பா இருக்குதுங்களா?" என்று கேட்டார். "இல்லீங்கம்மா, ஒரு மாட்ட நெனச்சுட்டேனுங்க" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகையும் வந்து தொலைத்தது. அந்தம்மா மிரண்டுபோய்த் தேங்காய்ப்பால்கூட வாங்காமல் போய்விட்டார். நல்ல யாவாரம், போங்கள்!

நீங்கள் போனபிறகு இப்படித்தான் ஆகிறது. சிரிக்க ஆரம்பித்தால் வேறெங்கோ போய் முடிகிறது.

என்னை முதலில் பார்த்தது ஞாபகம் இருக்குமா உங்களுக்கு? தாராபுரத்துப் பக்கமிருந்து தறி வேலைக்கென்று வெள்ளகோவிலுக்கு வந்த குடும்பம் நாங்கள். எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான், சந்தகை. மாவை ஆவியில் வேகவைத்து, சூட்டோடு நூல் நூலாகப் பிழிய வேண்டும். அதைச் சந்தையில் விற்கலாம் என்றால் கிரைண்டருக்கும் பிழியும் கட்டைக்கும் கையில் காசில்லை. மகளிர் குழுவில் சேர்ந்தால் லோன் கிடைக்கும் என்றார்கள். ஆனால் ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் சேர்ந்து கட்ட வேண்டும், அதனால் அறிந்தவர், தெரிந்தவரைத்தான் சேர்ப்பார்கள். என் முகத்துக்கு நேராகவே ஒருத்தி கேட்டாள், "பொழைக்க வந்தவ. சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டா யாருங்க கட்டறது?"

"நான் கட்டறேன்" என்றீர்கள் நீங்கள். கூடையில் சின்ன வெங்காயத்தைப் புடைத்துக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல். எனக்குப் பொறுப்பாகக் கையெழுத்தும் போட்டீர்கள்.

ஏன் என்று அன்றைக்கே கேட்டேன். "ஏமாத்தறதுக்கெல்லாம் ஒரு சூட்டிப்பு வேணும் அம்மணி. உனக்கு அது பத்தாது" என்றீர்கள். அதற்குப் பிறகும் கேட்கும்போதெல்லாம் இப்படி ஏதாவது நக்கல்தான் பதிலாக வரும்.

லோன் எதற்கு என்று எழுதுகிற இடத்தில் எல்லோருக்கும் "கறவை மாடு" என்று எழுதவைத்ததும் நீங்கள்தானே! டிபன் கடை என்றால் நூறு கேள்வி கேட்பார்கள், மாடு என்றால் உடனே கொடுத்துவிடுவார்கள் என்பது அப்போது ஊரில் இருந்த பேச்சு. எழுதினோம், கொடுத்தார்கள். கிரைண்டர் வாங்கினேன். லோன் கொடுத்த பேங்க் மேனேஜர் ஒருநாள் மாட்டைப் பார்க்க வருவார் என்று நாம் ஐந்து பேருமே யோசிக்கவில்லை. கெட்டிக்காரிகள்!

வந்தார். மற்ற நால்வர் வீட்டிலும் மாடு இருந்தது, என் வீட்டில்தான் இல்லை. முதலில் உங்கள் கட்டுத்தரைக்குப் போய் உங்கள் மாடு செவலையைப் போட்டோ எடுத்தார். அடுத்த வீட்டில் அவருக்குக் காப்பி கொடுத்து உட்கார வைத்திருந்த நேரத்தில், நீங்கள் செவலையை வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரி வழியாக இழுத்துக்கொண்டு மூச்சிரைக்க என் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். அடையாளம் தெரியக்கூடாது என்று அதன் நெற்றியில் ஒரு கை மஞ்சளை அப்பி, கழுத்தில் உங்கள் வீட்டுச் சாமி படத்து மாலையைப் போட்டிருந்தீர்கள். செவலை அந்த மாலையைத் தின்னப் பார்த்தது.

மேனேஜர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இந்த மாட்ட எங்கியோ பாத்தாப்ல இருக்குதே?"

"சிந்து மாடெல்லாம் ஒரே சாடைதானுங்க சார்" என்றீர்கள், முகத்தில் சிரிப்பே காட்டாமல்.

அந்நேரம் பார்த்தா உங்கள் வீட்டுக் கன்று கத்த வேண்டும்! பால் பீச்சுகிற நேரம். செவலை ஒரு இழுப்பில் கயிற்றை அறுத்துக்கொண்டு, மாலையும் கழுத்துமாக உங்கள் வீட்டைப் பார்த்து ஓடியது. மேனேஜர் அது போன திக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எல்லாம் போச்சு என்று நினைத்தேன் அக்கா. கிரைண்டர் போகும், சந்தையில் இப்போதுதான் பிடித்த இடம் போகும், என்னால் மற்ற நால்வருக்கும் லோன் நின்றுபோகும். பொழைக்க வந்தவளைச் சேர்த்த பழி உங்கள் தலையில் விழும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீங்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தீர்கள். "சார், மாடு என்னுதுங்க. அப்படி எழுதச் சொன்னதும் நான்தானுங்க. இவளுக்கு ஒண்ணுந் தெரியாது. காசு எங்க போச்சுன்னு உள்ள வந்து பாருங்க."

"நான் இத எழுதினேன்னா, உங்க அஞ்சு பேருக்கும் அடுத்த லோன் கிடையாதும்மா."

"எழுதுங்க சார். சாப்பிட்டுப்போட்டு எழுதுங்க."

அவசரமாகப் பிழிந்ததில் அன்று சந்தகை கட்டி கட்டியாக விழுந்தது. இருந்தாலும் இரண்டாம் தட்டும் கேட்டுச் சாப்பிட்டார் மனுஷன். போகும்போது, "அடுத்த தடவ சாப்பாட்டுக் கடைன்னே எழுதுங்க. மாட்ட ஓட உடாதீங்க" என்றார். அடுத்த லோன் கைக்கு வரும்வரை எனக்கு உறக்கமே இல்லை. வந்தது. அதில் ஸ்டவ்வும் தார்ப்பாயும் வாங்கினேன். நீங்கள் கூடையை விட்டு டெம்போவில் வெங்காயம் இறக்கும் அளவுக்கு வந்தீர்கள். சந்தையில் நம் இரண்டு கடையும் ஒட்டியே இருந்தன. ஆள் வராத நேரமெல்லாம் ஒரே பேச்சுதான். நீங்கள் பேசுவீர்கள், நான் உம் கொட்டுவேன்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் உங்களைக் கடைசியாகப் பார்த்தபோது குரல் பாதியாகியிருந்தது. நான் கொண்டுபோன சந்தகையில் இரண்டு வாய் சாப்பிட்டீர்கள். எனக்கென்னவோ அப்போதும் அதே கேள்விதான் வாயில் வந்தது. "ஏனுங்கக்கா அன்னிக்கு எனக்குக் கையெழுத்துப் போட்டீங்க?"

இந்தத் தடவை நக்கல் வரவில்லை. தட்டை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னீர்கள். "ஊட்டுக்காரரு போனப்பறம் ஊட்டுல பேச ஆளில்ல கண்ணு. செவலைகிட்டயே எத்தன நாளைக்குப் பேசறது? நீயும் ஆளில்லாம நின்னியா... சேத்துக்கிட்டேன்."

இத்தனை வருஷம் நீங்கள் எனக்கு இரக்கப்பட்டீர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன் அக்கா. சந்தையே அதிரப் பேசுகிற உங்களுக்கு வீட்டில் ஆளில்லை என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. இப்போது ஏறுகிறது. உங்கள் இடத்தில் வெங்காயம் போடுகிற பையன் நல்லவன்தான், ஆனால் நாள் முழுக்கப் போனில்தான் பேசுகிறான்.

போன வாரம் குழுவுக்கு ஒருத்தி வந்தாள். சென்னிமலைப் பக்கமாம், பூக்கடை போட வேண்டுமாம். யாருக்கும் அவளைத் தெரியாது. யாரும் பொறுப்பேற்க வரவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும், "ஏனுங்கக்கா எனக்குப் போட்டீங்க?" என்று கேட்டாள்.

உங்களைப் போல நக்கலாக ஏதாவது சொல்லத்தான் பார்த்தேன். வரவில்லை. "எனக்குப் பேச ஆளில்ல கண்ணு" என்று சொல்லிவிட்டேன்.