நீ கட்டிய காயில் சரியாகத்தான் இருந்தது

உன் பெயரை எழுதி, முன்னால் 'அன்புள்ள' என்று போட்டுத் தொடங்கத்தான் நினைத்தேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. அந்தச் சொல்லைப் போட எனக்கு யோக்கியதை இருப்பதாகத் தெரியவில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று காலை மைக்செட் போடுகிற ஒருவர் கடைக்கு ஒரு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தார். கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்த உருளை பேட்டரியின் உறை கிழிந்திருந்தது. நீல ஸ்லீவை அளவாக வெட்டி மாட்டி, சூட்டுக் காற்றைக் காட்டினேன். ஸ்லீவ் சுருங்கிப் பிடித்தது, வெந்த பிளாஸ்டிக் வாசனை மேசையைச் சுற்றி எழுந்தது. எத்தனையோ நூறு தடவை முகர்ந்த வாசனைதான். இன்று என் கை அப்படியே நின்றுவிட்டது. "என்ன அண்ணாச்சி, கரண்டு போயிட்டா?" என்று அவர் கேட்டார். "இல்ல, மத்தியானமா வாங்க" என்று அனுப்பிவிட்டு, பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

உன் மைத்துனன் துபாயிலிருந்து, சிகரெட்டுக்குப் பதிலாக இழுக்கிற அந்தப் புகை மெஷினைக் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? அப்போது அதற்குத் தடை கிடையாது. தினம் இரண்டு பாக்கெட் சிகரெட் ஊதிக்கொண்டிருந்த உன்னிடம் உன் மகள், "பக்கத்துல வராதீங்கப்பா, நாறுது" என்று சொல்லியிருந்தாள். அந்த ரோஷத்தில்தான் நீ அதை வாங்கிக்கொண்டாய். நேரே என் செல்போன் ரிப்பேர் கடைக்கு வந்து, மேசைமேல் வைத்துப் பிரித்தாய். ஒரு பித்தளைக் குழாய், அதற்குள் ஒரு பேட்டரி, மேலே கம்பிச் சுருள், சுருளுக்குள் பஞ்சு. பித்தானை அமுக்கினால் சுருள் சிவக்கும், பஞ்சில் ஊறிய திரவம் புகையாகும். அவ்வளவுதான்.

"ஏலே, இது நம்ம ஹீட்டர் காயில்தாம்லே. இதுக்கா இம்புட்டு வெல சொல்லுதான்?" என்று சிரித்தாய்.

நீ மோட்டார் காயில் கட்டுபவன். கடையத்திலிருந்தும் ஆய்க்குடியிலிருந்தும் கரிந்த பம்புசெட்டுகள் மாட்டு வண்டியிலும் மினிலாரியிலும் உன்னைத் தேடி வரும். உன் விரலுக்கு இந்தச் சுருள் எந்த மூலை? ஸ்க்ரூடிரைவர் தண்டில் எட்டுச் சுற்றுச் சுற்றி, குறட்டால் நெருக்கி, அமுக்கிப் பார்ப்பாய். நடுவில் முதலில் சிவந்து இரண்டு பக்கமும் பரவ வேண்டும். ஓரத்தில் முதலில் சிவந்துவிட்டால் ஒரு பேச்சுப் பேசாமல் பிரித்துத் தூர எறிவாய். நான் மீட்டரை வைத்து அளந்தால் ஒவ்வொரு தடவையும் அரை ஓம்தான் காட்டும். "அளக்கணும்னே இல்லலே, கம்பி இழுப்புலயே தெரியும்" என்பாய். உனக்கு அந்தக் கர்வம் இருந்தது. நியாயமான கர்வம்தான்.

பேட்டரி என் பொறுப்பு என்று நான்தான் வலிய வந்து ஏற்றுக்கொண்டேன். பழைய லேப்டாப்களைப் பிரித்து, உள்ளே உயிரோடு இருக்கும் பேட்டரிகளைச் சோதித்து, புது உறை போட்டுத் தருவேன். உன்னைப் பார்த்து நம் கூட்டாளிகள் நான்கு பேர் அதே மாதிரி குழாய் வாங்கியபோது நான் பெரிய பேட்டரி டாக்டராகிவிட்டேன். சாவிக்கொத்தோடு பைக்குள் போடாதே, பிளாஸ்டிக் டப்பாவில் வை, உறை கிழிந்ததைத் தொடாதே என்று போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் பாடம் எடுத்தேன். ஊருக்கு உபதேசம் செய்ய என்னை விட்டால் ஆள் கிடையாது.

பேட்டரியின் உச்சந்தலையில் பிளஸ். தலையைச் சுற்றியுள்ள விளிம்பிலிருந்து அடி வரைக்கும் மைனஸ். இரண்டுக்கும் நடுவே ஒரு அரிசி அகல இடைவெளிதான். அதனால் உறை போடுவதற்கு முன் தலையில் ஒரு காகித வாஷரை வைக்க வேண்டும். மற்ற சாமான்களில் உள்ளே ஒரு போர்டு இருக்கும், தப்பு நடந்தால் அது மின்சாரத்தை நிறுத்திவிடும். அந்தக் குழாய்க்குள் அப்படி எதுவும் கிடையாது. அந்த வாஷர் மட்டும்தான் காவல். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த ஆனியில் சாரல் முன்னதாகவே தொடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்குப் போவதாகப் பேச்சு. ஐந்து பேருக்கும் புது உறை போட்ட பேட்டரி தருகிறேன் என்று நான் வாய் விட்டிருந்தேன். சனிக்கிழமை பார்த்தால் வாஷர் டப்பா காலி. சென்னையிலிருந்து பார்சல் வரவில்லை. 'நாளைக்குத் தர முடியாது' என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பேட்டரி டாக்டர் அல்லவா! ஸ்லீவ் ஒன்றே போதும், ஒரு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது என்று வாஷர் இல்லாமலே ஐந்துக்கும் உறையைச் சுருக்கினேன். பளபளவென்று புதுசு மாதிரி இருந்தன. நீ கையில் வாங்கி, "கடையில வாங்குனது தோத்துப் போவும்லே" என்றாய்.

குளித்துவிட்டு வண்டிகள் நிற்கும் இடத்துக்கு வந்தோம். தலை துவட்டிக்கொண்டே பித்தானை அமுக்கினாய். "என்னலே, இப்படிச் சுடுது" என்றாய். குழாய் சீறத் தொடங்கியது. எறி என்று நான் கத்தினேன். உனக்கு முன்னால் அன்னாசித் துண்டு விற்கிற கடையில் நான்கைந்து பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தன. நீ அந்தப் பக்கம் எறியவில்லை. அந்த எரிகிற குழாயைக் கையில் பிடித்தபடியே திரும்பி, ஆள் இல்லாத சுவரோரமாக வீசினாய். திரும்புவதற்கு எடுத்துக்கொண்ட அந்த இரண்டு விநாடியில்தான் உன் உள்ளங்கையும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெந்துபோயின. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை உன்னைச் சுட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தபோது நீ கேட்டாய்: "ஏலே, பேட்டரியப் பாத்தியா? அதுல எதுவும் கோளாறா?"

உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம் கிடைத்தது. அந்த மூச்சில் நான் சொன்னது இது: "பேட்டரி நல்ல பேட்டரிதாம்லே. உன் காயில்தான் எங்கனயோ ஒட்டியிருக்கும் போல."

நீ கட்டுப் போட்ட கையைப் புரட்டிப் பார்த்தாய். பிறகு, "ஆமாலே. நேத்து அவசரத்துல சுத்துனேன்" என்றாய்.

அவசரத்தில் எல்லாம் நீ சுற்றவில்லை. சுவரோரத்திலிருந்து எடுத்து வந்திருந்த அந்தக் குழாயை மறுநாள் கடையில் பிரித்தேன். பேட்டரியின் தலையில், விளிம்பை ஒட்டி ஸ்லீவ் கருகி ஓட்டை விழுந்திருந்தது. உன் சுருள் மேலே கரி படிந்து அப்படியே இருந்தது, ஒரு சுற்றுக்கூட விலகவில்லை. மீட்டரை வைத்தேன். அரை ஓம். இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன், அதேதான். அதைப் பார்த்த பிறகும் நான் உன்னிடம் ஓடி வரவில்லை. குழாயைக் காயலாங்கடைச் சாக்கில் போட்டுக் கட்டினேன்.

இதைவிடக் கேவலம் அடுத்த வாரம். கட்டுப் போட்ட கையோடு நீ நான்கு கூட்டாளிகள் வீட்டுக்கும் போய், நீ கட்டிக்கொடுத்த சுருள்களை எல்லாம் திரும்ப வாங்கி, அவர்கள் கண் முன்னாலேயே கத்தரித்துப் போட்டாய். "நான் சுத்துனது எதுவும் உங்களுக்கு வேண்டாம்லே, மன்னிச்சிருங்க" என்று சொன்னாயாம். அதே வாரம் எனக்கு வாஷர் பார்சல் வந்தது. 'சும்மா ஒருவாட்டி செக் பண்ணித் தாரேன்' என்று அதே நான்கு பேரிடம் பேட்டரியை வாங்கி, உறையைப் பிரித்து, வாஷர் வைத்து, மறுபடி உறை போட்டுக் கொடுத்தேன். நீ செய்யாத தப்பை ஊரறியத் திருத்தினாய். நான் செய்த தப்பை யாருக்கும் தெரியாமல் மூடினேன். அதற்கு மேல் நீ என் கடைக்கு வந்து, "உன் பேரையும் சேத்துக் கெடுத்துட்டேன், மனசுல வச்சுக்காதலே" என்றாய். நான் பெருந்தன்மையாக, "விடுலே" என்றேன். அந்தச் சொல்லை நினைத்தால் இப்போதும் என் காதில் சூடு ஏறுகிறது.

கை ஆறிவிட்டது. ஆனால் விரல் நுனியில் உணர்வு திரும்பவில்லை. "கம்பியோட இழுப்பு தெரிய மாட்டேங்குலே" என்று ஒரு நாள் டீக்கடையில் சொன்னாய். பெரிய மோட்டாரெல்லாம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினாய். ஃபேன், மிக்சி மட்டும் எடுத்தாய். அதைக்கூடக் கட்டி முடித்துவிட்டு, உன் பக்கத்து வைண்டிங் கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோய், "ஒருவாட்டி பாத்துச் சொல்லுங்க" என்று நிற்பாய். முன்பு அவர் உன்னிடம் வந்து கேட்பவர். விரல் மரத்தது தீயால் நடந்தது என்று வைத்துக்கொள்ளலாம். உன் கைமேல் உனக்கு இருந்த நம்பிக்கை போனது நான் சொன்ன ஒரு வாக்கியத்தால்.

சிகரெட்டும் திரும்ப வந்தது. போன கார்த்திகையில் நெஞ்சு வலி என்று உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லை. அதற்கும் சிகரெட்டுக்கும் தொடர்பு உண்டா என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. கேட்கப் பயம். சுடுகாட்டில் அந்த அண்ணாச்சி என் தோளில் கை போட்டு, "நல்ல கைக்காரன் லே. அந்த ஒரு தடவதான் பிசகிட்டு. யானைக்கும் அடி சறுக்கும்லா" என்றார். நீ அங்கே கிடந்தாய். அப்போதும் என் வாய் திறக்கவில்லை.

இன்று திறந்துவிட்டது என்று சொல்லத்தான் இந்த மடல். ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டுக் குத்துக்கல்வலசைக்கு, உன் வீட்டுக்குப் போனேன். மதினி துணி மடித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். உட்காராமலே சொன்னேன்.

"மதினி, அன்னைக்கு ஐந்தருவியில எரிஞ்சது அவன் காயிலால இல்ல. நான் கொடுத்த பேட்டரியால. எனக்கு மறுநாளே தெரியும்."

அவள் கையில் உன் சட்டை ஒன்று இருந்தது. அதை மடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"அவிய தூக்கத்துலகூட விரல்ல சுத்து எண்ணிக்கிட்டே கெடப்பாவ தம்பி. எட்டு, எட்டுன்னு. எங்க தப்பு விட்டேன்னு என்கிட்ட எத்தன தடவ கேட்டிருப்பாவ தெரியுமா? எனக்கு என்ன தெரியும் சொல்லுங்க."

மடித்த சட்டையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு, அவிய இருக்கையில சொல்லியிருக்கணும். இல்லன்னா, எங்கிட்டயும் சொல்லாமலே இருந்திருக்கணும். இப்ப இத வச்சு நான் என்ன செய்ய?"

எனக்கு மனப்பாரம் இறங்க வேண்டும் என்று போனேன். அதைத் தூக்கி உன் பெண்டாட்டி தலையில் வைத்துவிட்டு நிற்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இந்தப் புத்தியும் எனக்குத் தாமதமாகத்தான் வருகிறது.

அந்த அண்ணாச்சியிடமும், நான்கு கூட்டாளிகளிடமும், கடையத்துப் பம்புசெட்டுக்காரர்களிடமும் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "சொல்லுங்க" என்றாள். அதில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. இந்தக் கடிதத்தை முடித்துவிட்டு முதலில் அண்ணாச்சியிடம்தான் போகப் போகிறேன். காறித் துப்பினால் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போவேன்.

வாசலுக்கு வந்து செருப்பை மாட்டும்போது மதினி பின்னாலிருந்து கூப்பிட்டாள். திட்டப் போகிறாள் என்று நினைத்து நின்றேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூடத் தோன்றியது.

"காப்பி போட்டிருக்கேன். குடிச்சிட்டுப் போங்க தம்பி."

வேண்டாம் என்று சொல்லும் தைரியமும் எனக்கு வரவில்லை. உன் வீட்டு வாசலில் நின்று, அவள் தந்த காப்பியை, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.