தெரு முனை ஃபிளெக்ஸ்

பிப்ரவரி 10, செவ்வாய்.

பேத்தி யாழினி தூங்கிவிட்டாள். எனக்குத்தான் இன்னும் தூக்கம் வரவில்லை.

சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்தவள் பையைக்கூட கழற்றாமல், "ஆயா, ஒண்ணு சொல்றேன், திட்டக் கூடாது" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். மந்தைவெளி பஸ் ஸ்டாப்பில் ஒரு ப்ளஸ் டூ பையன் அவளைப் பிடிச்சிருக்குன்னு சொன்னானாம். கீரை ஆய்வதை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"நீ இன்னாடி சொன்ன?"

"கிளாஸ்ல பாதிப் பேருக்கு ஆள் கீது ஆயா. ஓகே சொல்லுடின்னாளுங்க. எனக்கும் உள்ள ஒரு மாதிரி நல்லாதான் இருந்துச்சு. ஆனா நான் செவன்த்துன்னு சொல்லிட்டேன். 'செவன்த்தா? ஃபிளெக்ஸ்ல பெரிய பொண்ணு மாதிரி இருந்தியே! சாரி பாப்பா'ன்னு வந்த பஸ்ல ஏறிட்டான். அது அவன் போற பஸ்ஸே இல்ல."

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. போன வாரம் அவள் மஞ்சள் நீராட்டுக்குப் பட்டுப்புடவை, ஒட்டியாணம் எல்லாம் போட்டுப் படம் எடுத்து, தெரு முனையில் பத்தடிக்கு ஃபிளெக்ஸ் வைக்கச் சொன்னது நான்தான். உடம்பு முந்திக்கொண்டது. பிள்ளை இன்னும் ஏழாவதுதான்.

திட்டவில்லை. "இந்த வயசுல அப்படித்தான் இருக்கும். எனக்கும் இருந்துச்சு" என்றேன்.

"யாரு, தாத்தாவா?"

நான் கீரையைப் பார்த்தேன்.

எங்கே போய் யாரிடம் கேட்பாளோ என்று நான் பயந்த பெண், நேராக என்னிடம் வந்தாள். அது போதும்.

இருட்டுவதற்குள் இரண்டு பேரும் போய் ஃபிளெக்ஸை அவிழ்த்துக்கொண்டு வந்தோம். மடிக்கும்போது கேட்டாள், "ஆயா, இதுல நான் அழகா இருக்கேன்ல?"

அழகாகத்தான் இருக்கிறாள்.