சமமில்லாத இடைவெளிகள்

அவனியாபுரம்
10.2.2025

அன்புள்ள இசை,

நேற்று ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் உன்னிடம் சொல்லாதவற்றை இங்கே எழுதிவிடுகிறேன். சாப்பாட்டு டப்பாவின் மூடி வீட்டிலேயே கிடக்கிறது என்று சொல்லவில்லை; சொன்னால் திரும்பி ஓடியிருப்பாய். உன் மாதிரித் தேர்வுத் தாளை முழுவதும் படித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்வது மே பதினெட்டாம் தேதி, உன் நுழைவுத் தேர்வு முடிந்த பிறகு.

தாளைப் பற்றிச் சொல்கிறேன். உயிரியலில் உனக்குத் தெரியாதது குறைவு. அதுதான் சிக்கல். ஈஸ்ட் சோதனையின் வரைபடத்தைக் கொடுத்து, நாற்பது டிகிரிக்கு மேல் என்ன நடக்கிறது என்று கேட்டால், நொதிகளைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதிவைக்கிறாய். உனக்குத் தெரிந்ததை யாரும் கேட்கவில்லை. முதலில் இரண்டு அச்சுகளையும் அலகுகளையும் படி. போக்கைச் சொல். தரவிலிருந்து ஓர் எண்ணை எடுத்துக் காட்டு. காரணம் அதற்குப் பிறகுதான். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத சோதனையில் 'இதனால்தான்' என்று எழுதவே எழுதாதே. பழங்காநத்தம் டியூஷனில் என் பிள்ளைகளிடமும் இதையேதான் தொண்டை வறளக் கத்துகிறேன்.

அப்பா பட்டறைக்குப் போகிறார். "சின்னவ சாப்பிட்டாளான்னு கேட்டு எழுது" என்றார். சாப்பிட்டாயா?

அன்புடன்,
அக்கா தமிழ்வாணி


எழுமலை விடுதி
19.2.2025

அன்புள்ள அக்கா,

சாப்பிட்டேன். டப்பாவுக்கு மூடியாக அறைத்தோழி முத்துமீனாவின் கணக்கு நோட்டு இருக்கிறது. கணக்கை அவள் வேறெதற்கும் பயன்படுத்துவதில்லை.

உன் கடிதத்தை வார்டன் செல்லத்தாய் அக்கா பிரித்துப் படித்துவிட்டுத்தான் தந்தார். "என்னடி உங்க அக்கா, ஒரு பாசம் கெடையாது, அம்புட்டும் பாடமா எழுதிருக்கு!" என்றார். போனை வாங்கிவைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் ஐந்து நிமிடம் தருபவர் பாசத்தைப் பற்றிப் பேசுகிறார்.

அப்பாவின் தோள்வலி எப்படி இருக்கிறது? ஏழாம் வகுப்பிலிருந்து அவருக்கு மாத்திரை வாங்கியவள் நான். நான் வாயைத் திறக்கும் முன்பே மருந்துக்கடை இம்மானுவேல் அண்ணே, "அப்பாவுக்குத்தானே?" என்று பட்டையை எடுத்து வைத்துவிடுவார். இப்போது யார் வாங்குகிறார்கள்?

தரவுக் கேள்வி ஒன்று அனுப்பு. புத்தகத்தில் இல்லாததாக, கடினமானதாக.

அன்புடன்,
இசை


அவனியாபுரம்
25.2.2025

அன்புள்ள இசை,

இப்போது யாரும் வாங்குவதில்லை. கேள்வி இதோ.

ஒரு விலங்குக்கு வலி மாத்திரை தரப்பட்டது. இரத்தத்தில் கிரியேட்டினின் அளக்கப்பட்டது (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, இயல்பு அளவு 1.2க்குள்).

வாரம் 0 – நாளுக்கு 3 மாத்திரை – 2.4
வாரம் 4 – 3 மாத்திரை – 3.1
வாரம் 11 – நிறுத்தப்பட்டது – 4.9
வாரம் 14 – நிறுத்தப்பட்டது – 5.8

அ) போக்கை விவரி. ஆ) உயர்வுக்கு மாத்திரைதான் காரணம் எனலாமா? இ) சோதனையின் குறை ஒன்றைச் சொல்.

பத்து மதிப்பெண். பதினைந்து நிமிடம்.

அக்கா


எழுமலை விடுதி
4.3.2025

அன்புள்ள அக்கா,

அ) அளவு 2.4இலிருந்து 5.8 ஆக உயர்கிறது. தொடக்கத்திலேயே இயல்பைப் போல் இரு மடங்கு. வாரத்துக்கு உயரும் வேகம் 0.18, 0.26, 0.30. மாத்திரையை நிறுத்திய பிறகும் வேகம் கூடுகிறது.

ஆ) சொல்ல முடியாது. விலங்கு ஒன்றே ஒன்று. மாத்திரை தரப்படாத விலங்கு ஒப்பீட்டுக்கு இல்லை.

இ) இடைவெளிகள் சமமில்லை.

சோதனை செய்கிறவர்கள் நான்கு, ஏழு, மூன்று என்று வாரம் விட்டு இரத்தம் எடுக்கமாட்டார்கள், அக்கா. லீவு கிடைக்கும்போது போகிறவர்கள்தான் அப்படிப் போவார்கள். பட்டறைக்கு லீவு விட்ட தீபாவளி மறுநாளைப் பூஜ்யமாக வைத்துக் காலண்டரில் எண்ணினேன். நான்காவது வாரம், பட்டறைக்குக் கரண்ட் நிறுத்திய வெள்ளிக்கிழமை. அப்பா கண் பரிசோதனைக்குப் போனதாகச் சொன்னாய். பதினொன்று, காணும் பொங்கலுக்கு மறுநாள். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. கேட்டதற்கு, "கருப்பு வீட்டுக் காளை முட்டிருச்சுடா" என்று சிரித்தார். பதினான்கு, நான் இங்கே வருவதற்கு இரண்டு நாள் முன்பு.

அந்த விலங்கு யார்?

இசை


அவனியாபுரம்
9.3.2025

இசை,

பத்துக்குப் பத்து.

அப்பாதான். "பரீட்ச முடியட்டும், அதுவரைக்கும் சின்னவ காதுல போடாதீக" என்று என்னிடமும் அம்மாவிடமும் சத்தியம் வாங்கினார். அந்த நான்கு வரிகளை என்னால் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வேறொருவர் படித்து, நான் தப்பாகப் படித்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. அதற்கு உன்னைத் தேர்ந்தெடுத்தது என் பிழை.

இரத்தத்தை இயந்திரத்தில் சுத்திகரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வாரம் இருமுறை போக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மாத்திரை வாங்கியவள் நீ என்று இப்போது நினைத்துக்கொண்டிருப்பாய். உன் 'ஆ' விடையை மறுபடி படி. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள். கல்லூரி இரண்டாமாண்டில் என் பாடப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது, வலி மாத்திரையும் சிறுநீரகமும் பற்றி. அடிக்கோடு போட்டேன். அன்று மாலை அப்பா மாத்திரையைப் பிரித்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் அவர் இரும்பு தூக்க வேண்டியிருந்தது.

வராதே. எழுது.

தமிழ்வாணி


எழுமலை விடுதி
14.3.2025

அக்கா,

எழுதுகிறேன். அதற்கு ஒரு நிபந்தனை. போனில் நீங்கள் எல்லோரும் நல்லாருக்கோம் என்றுதான் சொல்வீர்கள். அதனால் ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஓர் அஞ்சலட்டை போடு. ஆறுதல் வேண்டாம், எண் மட்டும். ஏழைத் தாண்டினால் அன்றைக்கே மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன். அப்பாவோடு இருப்பேன். தேர்வு அடுத்த வருடமும் வரும்.

இசை


1.4.2025
5.6
தமிழ்


18.4.2025
4.9
தமிழ்


6.5.2025
4.4
தமிழ்


எழுமலை விடுதி
10.5.2025

என் அக்கா,

அலமாரிக் கதவின் உட்புறத்தில் வரைபடத்தாளை ஒட்டிப் புள்ளி வைத்துக்கொண்டு வருகிறேன். கோடு இறங்குகிறது! "என்னடி, கதவப் பாத்து இளிக்கிற?" என்று முத்துமீனா கேட்டாள். "எங்கப்பாடி" என்றேன்.

தேர்வு முடிந்ததும் நேரே வாரேன். டப்பா மூடியைப் பத்திரமாக வைத்திரு.

இசை


அவனியாபுரம்
20.8.2025

அன்புள்ள இசை,

ஏப்ரல் 1: அனுப்பியது 5.6. அறிக்கையில் 7.7.
ஏப்ரல் 18: அனுப்பியது 4.9. அறிக்கையில் 9.4.
மே 6: அனுப்பியது 4.4. அறிக்கையில் 11.8.

அப்பா அந்த இயந்திரத்தின் பக்கத்தில் இரண்டு முறைதான் படுத்தார். மூன்றாம் முறை ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. "வேணாம்டா. வீட்டுக்கே விடு" என்றார். உன் நிபந்தனையை அவரிடம் சொன்னேன். "அப்ப ஏழுக்குக் கீழ எழுதிரு" என்றார். அவர் கேட்டார் என்பது உண்மை. கையெழுத்து என்னுடையது.

மே மாதத் தொடக்கத்திலிருந்து தினமும் உன்னைக் கேட்டார். அதையும் நான் எழுதவில்லை.

மே 15, வியாழக்கிழமை காலை அப்பா இறந்தார். அம்மா விடுதிக்குப் போன் செய்தாள். நீ மதியம் வந்தாய். பெஞ்சின் மேல் கிடந்த அறிக்கைகளைப் படித்தாய். பையிலிருந்து வரைபடத்தாளை எடுத்து என் கையில் வைத்தாய். ஞாயிற்றுக்கிழமை தேர்வை எழுதினாய். இடம் கிடைத்தது. ஜூலை 26 அன்று ரயில் ஏறினாய். அம்மா மட்டும் வழியனுப்ப வந்தாள்.

இது நான்காவது கடிதம். முதல் மூன்றும் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தன.

தமிழ்வாணி