ஆயாவுக்கு வைத்த பாயசம்

ஐப்பசி 4, செவ்வாய். முதலியார்பேட்டை.

இன்று ஆயாவுக்கு, அப்பாவின் அம்மாவுக்கு, முதல் திதி. சர்க்கரை நோய் கடைசிவரை ஆயாவை ஒரு வாய் பாயசம் குடிக்க விடவில்லை. அதனால் படையலில் பாயசம் கட்டாயம் என்று அம்மாதான் சொன்னாள். கற்பூரம் காட்டி, மாடியில் காக்கைக்கும் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். பாயசத்தில் இனிப்பே இல்லை.

"அத்தைக்குன்னு நெனச்சாலே சர்க்கரை டப்பா பக்கம் கை போவ மாட்டேங்குதுடா," என்றாள் அம்மா. பிறகு, "மறுபடி செஞ்சு படைக்கலாமாங்க?" என்று அழுதாள்.

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். காக்கை இலையில் ஒன்றும் மீதி வைக்கவில்லை. ஆயாவும் அப்படித்தான். சர்க்கரை போடாத காபியை ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டு, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாள்.