பிடரிச் சுழி

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், நலம் என்று சொல்ல வாய் வரவில்லை. போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை, எடுத்தாலும் பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது பார்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் சாயங்காலம், வழக்கம்போல சலூன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நம் வீட்டு ஆண்களுக்கு மட்டும் முடி வெட்டினேன். என் மச்சினன் தலையில் வெட்ட ஒன்றுமில்லை, ஆனாலும் முதல் ஆளாக உட்கார்ந்தான். கடைசியாக வந்தது சித்தி தத்தெடுத்து வளர்த்த நம் சின்னவன். சித்தி அவனை என் நாற்காலியில் உட்கார விட்டதே இல்லை. வீட்டில் தானே வெட்டிவிடுவாள். கஞ்சத்தனம் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தவன் நான். இந்த வருஷம் அவனுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறது. "மாப்பிள்ளை மாதிரி வெட்டி விடுங்கண்ணா" என்று அவனே வந்து உட்கார்ந்துவிட்டான்.

பிடரியில் மெஷினைக் கீழிருந்து மேலே விட்டேன். வெட்டவில்லை, சும்மா தடவிக்கொண்டு போனது. அங்கே ஒரு சுழி. முடி மேல்நோக்கி வளர்கிறது. அப்பாவுக்கு அப்படி, எனக்கு அப்படி. தொழில் பழகும்போது உன் தலையில் கை வைத்தேனே, உனக்கும் அப்படி.

யோசித்துப் பேசினால் அது நான் இல்லையே. "அட, இது நம்ம வீட்டுப் பிடரிடா. அப்பா, நான், அக்கா, அப்புறம் நீதான்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். எங்களைச் சாப்பிடக் கூப்பிட வந்த அம்மாவும் சித்தியும் வாசலில் நின்றிருந்தார்கள். சித்தி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா, "கடைக்கு ஷட்டர் போட்டியே, உன் வாய்க்கு ஒண்ணு போட்டியா?" என்றாள். இல்லை என்று மட்டும் இரண்டு பேரும் சொல்லவில்லை. சின்னவன் கண்ணாடியில் எல்லோர் முகத்தையும் பார்த்தான்.

அன்றிலிருந்து வீட்டில் ஒருத்தரும் ஒருத்தரோடு பேசுவதில்லை. பண்டிகை முடியட்டும் என்றாள் அம்மா. முடிந்தது. இப்போது புது வருஷம் முடியட்டுமாம். சித்தியைக் கேட்டால், "பெத்தவ சொல்ல வேண்டியதை நான் எப்படிடா சொல்லுவேன்" என்கிறாள். எனக்குக் கிடைத்த ஒரே நேரான பதில் அதுதான். சித்தி அவனைத் தத்தெடுத்த வருஷம், படிக்கப் போகிறாய் என்று சொல்லி முழுக்க நீ சித்தி வீட்டில்தான் இருந்தாய். தெருவில் உள்ள அத்தனை வீட்டுக் கதையும் என் நாற்காலிக்கு வந்து சேருகிறது, நம் வீட்டுக் கதை மட்டும் வரவில்லை என்றால் எரிச்சல் வருமா வராதா?

அவன் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. கல்யாணத் தேதியைத் தள்ளச் சொல்லிவிட்டான். நேற்று கடைக்கு வந்து, "உங்களை அண்ணான்னு கூப்பிட்டேன், அவங்களை அக்கான்னு கூப்பிட்டேன். இனிமே என்னன்னு கூப்பிடறது?" என்றான். என் பாடு பரவாயில்லை, அண்ணனிலிருந்து மாமாவாகப் பதவி உயர்வு. உன் பங்குக்கு நான் என்ன பதில் சொல்வது?

அத்தானுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. உன்மேல் கோபமும் இல்லை. இருந்தாலும் அதை நேரில் காட்டிக்கொள்கிறேன். அவன் லீவை நீட்டிவிட்டுக் காத்திருக்கிறான். யார் சொன்னாலும் அவன் நம்பப்போவதில்லை, நீ வந்து சொன்னால்தான்.

பயணத்தில் குளிர் தாங்கும்படி உடுத்திக்கொள். வழி முழுக்கக் கர்த்தர் உன்னோடு வருவாராக.

அன்புடன்,
உன் தம்பி