அண்ணனின் கிளினிக் அட்டை

மார்ச் 12, புதன்.

இன்று சிறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் போனைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் குரல் மறுபடியும் பேசுது தங்கச்சி, தூங்கவே விடமாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லு லா" என்றான். நானும் அம்மாவும் வார்டரிடம் கேட்டோம். முன்பு மனநோய் எதுவும் இல்லை என்று, அவனை உள்ளே கொண்டுவந்தபோது நிரப்பிக் கொடுத்த பாரத்தில் குடும்பமே எழுதியிருக்கிறதே என்றார்.

எழுதியது நான். அம்மாவுக்கு மலாய் எழுத வராது. "பைத்தியம்னு தெரிஞ்சா உள்ள அடிப்பாங்க, இல்லன்னு போடு" என்றாள். போட்டேன்.

இரண்டு பஸ் மாறி வீடு வந்தோம்.

அந்தக் குரலுக்காக அவன் முன்பு கிள்ளானில் மாத்திரை வாங்கிய கிளினிக் அட்டையை அம்மா அரிசி டின்னுக்கு அடியில் ஒளித்திருந்தாள். இப்போது அது என் பள்ளிப் பையில் இருக்கிறது. நாளை அம்மாவிடம் சொல்லாமல் வார்டரிடம் கொடுக்கப் போகிறேன். பொய் எழுதியதற்கு என்னையும் பிடிப்பார்களோ, தெரியவில்லை. இந்நேரம் அவனும் தூங்கியிருக்க மாட்டான்.